கணினியே செல்போன் கோபுரம் ஆவது எப்படி?

செல்போன் கோபுரம் செய்யும் வேலையில் பெரும்பகுதி கணக்குதான். ஆன்டெனா பிடிக்கும் அலையை எண்களாக மாற்றிக் கொடுத்துவிட்டால், மீதியைச் சாதாரணக் கணினியே பார்த்துக்கொள்ளும். யூஎஸ்ஆர்பி பி210 போன்ற சிறு பலகைகள் செய்வது இந்த மாற்றத்தைத்தான். 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) என்றால் நொடிக்கு 3.072 கோடி மாதிரிகள் யூஎஸ்பி வழியே வந்து கொட்டும்.

பிறகு ஏன் கணினிக் கோபுரம் தடுமாறுகிறது? முதல் காரணம் நேரம். எல்டிஇ-யில் போன் அனுப்பிய தரவு சரியாக வந்ததா என்று 4 மில்லிநொடியில் பதில் போயாக வேண்டும். கணினி மின்சாரத்தை மிச்சம்பிடிக்கக் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் இணைப்பு போய்விடக்கூடும். அந்த வசதியை முதலில் அணையுங்கள்.

இரண்டாவது கடிகாரம். பி210-இன் கடிகாரம் பத்து லட்சத்தில் 2 பங்கு பிசகலாம். 900 மெகாஹெர்ட்ஸில் அது 1,800 ஹெர்ட்ஸ். ஜிஎஸ்எம் (2ஜி) கோபுரத்துக்கு அனுமதி 45 ஹெர்ட்ஸ்தான்! ஜிபிஎஸ்-ஐப் பின்பற்றும் கடிகாரத்தைச் சேர்த்தால் தீரும்.

மென்பொருளில் எது? ஜிஎஸ்எம்முக்கு ஓப்பன்பிடிஎஸ் வழிகாட்டியது. இன்று 4ஜி, 5ஜி-யில் போட்டி இரண்டுக்குள். பிரான்சின் யூரேகாம் தொடங்கிய ஓப்பன்ஏர்இன்டர்ஃபேஸில் போன், கோபுரம், மைய வலையமைப்பு மூன்றும் உண்டு; 5ஜி ஆராய்ச்சிக்கு அதுவே என் தேர்வு. அயர்லாந்தின் எஸ்ஆர்எஸ்ரான் 5ஜி-யில் கோபுரத்தை மட்டும் தருகிறது. மையத்துக்கு ஓப்பன்5ஜிஎஸ் சேர்க்க வேண்டும். ஆனால் நிரலைப் படித்துக் கற்க எஸ்ஆர்எஸ்ரான்தான் தெளிவு.

உரிமமின்றி அலைபரப்பாதீர்கள். பலகையையும் சோதனைக் கருவியையும் அலையின் வலுவைக் குறைக்கும் தணிப்பான் வைத்துக் கம்பியால் இணைத்தே பழகலாம்.