செல்ஃப் சுற்றுகிறது, பொறி இல்லை

டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது. செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல், மெக்கானிக்குகள் "கரண்ட் வரலை" என்று சொல்லும் கோளாறு எல்பிஜி, பெட்ரோல் வண்டிகளுக்கு உரியது. பெங்களூரின் பீன்யா, பொம்மசந்திரா பட்டறைகளில் இதைத் தேடும் விதம்தான் கோளாறைவிட ஆபத்தானது.

பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் மேல் வைத்துச் சாவியைத் திருப்புகிறார்கள். எல்பிஜி சிலிண்டரின் வால்வு திறந்தே கிடக்கிறது. எரியாத வாயு பிளக் துளை வழியே வெளியேறும்போது பக்கத்திலேயே பொறி தட்டுகிறது. காற்றில் எல்பிஜி 2 சதவீத அளவில் கலந்தாலே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். முதலில் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். ஷட்டரைத் திறந்து வாடை போகக் காத்திருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றாமல், ஸ்பார்க் டெஸ்டரை எர்த்தில் கவ்வவிட்டே பார்க்க வேண்டும். வயரைக் கையில் பிடிக்கவே கூடாது. அதில் வருவது ஆயிரக்கணக்கான வோல்ட்.

அடுத்து ஃபியூஸ், பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் முதலில் சரிசெய்ய வேண்டும். சாவி போட்டதும் இக்னிஷன் காயிலின் பாசிட்டிவில் மின்சாரம் வராவிட்டால் சாவி ஸ்விட்ச், ரிலே, வயரிங் ஆகியவற்றைத் தேட வேண்டும். சில மாடல்களில் சீட் ஸ்விட்சும் இந்த வழியில் இருக்கும். சீட் ஸ்விட்சைத் தவிர்த்து "டைரக்ட்" கொடுத்து ஓட்டுவது குற்றத்துக்குச் சமமான அலட்சியம். பாசிட்டிவில் வந்தால், நெகட்டிவில் டெஸ்ட் லாம்ப் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். லாம்ப் மினுக்காவிட்டால் சந்தேகம் பிக்கப் அல்லது இக்னிஷன் மாட்யூல் மீது. மினுக்கியும் பொறி இல்லையென்றால் காயில். காயிலில் பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால் முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மீது. மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால், முனைகளுக்கிடையே முடியிழை போலக் கருங்கோடு ஓடியிருக்கலாம். மழைக்கால ஈரத்தில் அந்தக் கோட்டின் வழியே கரண்ட் கசிந்துவிடும். துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் வால்வு மூடியிருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இத்தனையும் மெக்கானிக்கின் வேலை. டிரைவர் மெக்கானிக் அல்ல. "நீயே பார்த்துக்கொள்" என்று சூப்பர்வைசர் தள்ளிவிட முடியாது. பாதுகாப்புக் குறைவைப் பற்றித் தொழிற்சாலை ஆய்வாளரிடம் நேரடியாக முறையிடும் உரிமையை 1948 தொழிற்சாலைகள் சட்டம் 111-ஏ பிரிவில் தொழிலாளிக்குத் தந்தது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முறையிடும் உரிமை இருக்கிறது. பெங்களூரில் போக வேண்டிய இடம் பன்னேர்கட்டா சாலை கார்மிக பவனில் உள்ள தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. தொழிற்சாலையின் பெயர், முகவரி, வண்டி எண், கோளாறு, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னது என்று எழுதி, நகலில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம்.

இந்த வேலையில் தீக்காயம் பட்டால் தனியார் கிளினிக்கில் கட்டுப்போட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பி முடித்துவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. உறுப்பினரின் காயம் படிவம் 11 விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். படிவம் 12 அறிக்கையை முதலாளி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவேட்டில் நேரம், இடம், காயம், நேரில் பார்த்தவர் விவரம் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே காயம்பட்டவர் கையெழுத்திட வேண்டும்.