கார் பாலிஷ் கொள்முதல் செய்யும்போது

ஆயுத பூஜை நெருங்கினால் மளிகைக் கடையிலும் கார் பாலிஷ் கேட்பார்கள். மற்ற நாட்களில் மெதுவாகத்தான் நகரும். கழிவுக்கு ஆசைப்பட்டுப் பெட்டி பெட்டியாக எடுத்து முதலை முடக்க வேண்டாம் என்பதே நம் கருத்து. மூடி இறுகாத டப்பாவில் மெழுகு காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். பிறகு யார் வாங்குவார்? தயாரிப்பு மாதத்தையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

ரப்பிங் காம்பவுண்டையும் வாக்ஸையும் ஒரே தட்டில் அடுக்கக் கூடாது. முன்னது பெயிண்டின் மேற்பரப்பைத் தேய்த்தெடுக்கும். பின்னது மேலே படிந்து காக்கும். கடைப் பையன் மாற்றிக் கொடுத்தால் புது வண்டியில் கீறல் விழும், சண்டை நம் கல்லாவுக்கு வரும். பிரேசில் நாட்டுப் பனையோலையில் கிடைக்கும் கார்னபா மெழுகு கலந்தது உயர்ந்த ரகம், விலையும் கூடுதல்தான்.

தேயிலை, மைதா பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அந்த வாடை தேயிலையில் ஏறினால் லேசில் போகாது. சாமி விளக்கருகிலும் கூடாது. பல ரகங்கள் எளிதில் தீப்பற்றக்கூடியவை.