ஃபோல்டருக்குள் ஒரு பென் டிரைவ்!

பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது? பென் டிரைவே சொல்கிறது. தயாரிப்பாளர் எண், மாடல் எண், தான் செய்யும் வேலை ஆகியவற்றைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது.

இந்த அறிமுகத்தை நாமே எழுத முடியுமா? முடியும். ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் 2015-ல் வெளிவந்தது. அதை என் கம்ப்யூட்டரில் செருகி, ஒரே நேரத்தில் பென் டிரைவாகவும் நெட்வொர்க் கார்டாகவும் காட்ட நினைத்தேன். முன்பெல்லாம் எந்த வேலைகள் சேர்ந்து வரலாம் என்பதை டிரைவர் எழுதியவரே முடிவு செய்தார். 2013-ல் வந்த லினக்ஸ் 3.10 கெர்னல் அந்த உரிமையை நம்மிடம் தந்தது. அதற்கு உதவுவது கான்ஃபிக்எஃப்எஸ்.

இதில் புரோகிராம் எழுத வேண்டாம். புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்கினால் போதும். கெர்னலே அதனுள் எண்களுக்கான ஃபைல்களையும், பெயர்கள், வேலைகள், தொகுப்புகள் ஆகியவற்றுக்கான ஃபோல்டர்களையும் வைத்துவிடும். வேலைகள் ஃபோல்டரில் 'மாஸ் ஸ்டோரேஜ்' என்று தொடங்கும் ஃபோல்டரை உருவாக்கினால் பென் டிரைவ் தயார். பெயரில் புள்ளிக்கு முன்னால் வேலையின் வகை, பின்னால் நாம் வைக்கும் பெயர்.

எல்லாம் செய்து முடித்தேன். கடைசியாக யூடிசி என்ற ஃபைலில் யூஎஸ்பி கன்ட்ரோலரின் பெயரை எழுத வேண்டும். எழுதினால் பிழைச் செய்திதான் வந்தது! கேபிளை மாற்றினேன், எண்களைச் சரிபார்த்தேன், பாதி இரவு போய்விட்டது. காரணம் என்ன தெரியுமா? வேலையை உருவாக்கிய நான், தொகுப்பு ஃபோல்டரிலிருந்து அதற்கு லிங்க் போடவே இல்லை. வேலையே இல்லாத தொகுப்பைக் கெர்னல் ஏற்காது.

அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்தபோதுதான் இந்த அமைப்பின் அருமை புரிந்தது. வேலையின் செட்டிங்குகள் ஓரிடத்தில் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தலாமா என்பதை லிங்க் சொல்கிறது. பென் டிரைவ் வேண்டாமா? யூடிசி ஃபைலைக் காலியாக்கிவிட்டு லிங்க்கை மட்டும் நீக்குங்கள். செட்டிங்குகள் அப்படியே இருக்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இந்த ஃபோல்டர்கள் டிஸ்க்கில் இல்லை, மெமரியில் இருக்கின்றன. ரீஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடும். எனவே கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் சேமித்து வையுங்கள்.

இன்றைய பல ஆண்ட்ராய்டு போன்களும் இதே முறையைப் பயன்படுத்துகின்றன. அடுத்த முறை போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்வு செய்யும்போது, உள்ளே ஒரு லிங்க் மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்!