ஆங்கிலத்தின் வழியே காட்டலான் மொழி



பிரனீஸ் மலைச்சாரலிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் வழங்கி வரும் மொழி காட்டலான். ஸ்பெயின் நாட்டில் காட்டலோனியா, பலேரிக் தீவுகள், வலென்சியா ஆகிய பகுதிகளிலும், பிரான்சின் ரூசியோன் பகுதியிலும், இத்தாலிக்குரிய சார்தீனியத் தீவில் ஆல்கேரோ என்னும் நகரிலும் அதனைப் பேசுவோர் உளர். வலென்சியாவில் அதற்கு வலென்சியம் என்று பெயர். அந்தோரா என்னும் சிறு நாட்டில் அதுவே ஆட்சிமொழி. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பேச அறிந்த இம்மொழியை ஸ்பானிய மொழியின் கிளைமொழி என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையானது. ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவற்றைப் போலவே இதுவும் இலத்தீன் ஈன்ற தனி மகள். 13-ஆம் நூற்றாண்டிலேயே ராமோன் லுல் என்னும் அறிஞர் தத்துவ நூல்களை இம்மொழியில் இயற்றினார்.

ஆங்கிலம் அறிந்த ஒருவர் இம்மொழியைக் கற்கப் புகுந்தால் எங்கெங்கே வழி எளிதாகும், எங்கெங்கே கால் இடறும் என்பதை இன்று காண்போம்.

முதலில் எழுத்தும் ஒலியும். ஆங்கிலத்திற்குரிய உரோமன் எழுத்துக்களே இங்கும் வழங்குகின்றன. ஆயினும் ஒலிகள் வேறு. ஏ, என், ஒய் என்னும் மூன்றெழுத்துக்களைக் கண்டவுடன் ஆங்கில மாணவன் ‘எனி’ என்று படிப்பான். காட்டலானில் அது ‘ஆஞ்’. அதன் பொருள் ஆண்டு. என், ஒய் என்னும் இரண்டும் சேர்ந்தால் நம் ஞகர ஒலி பிறக்கும். வி, ஏ, ஐ, ஜி என்று எழுதுவதைப் பார்சலோனா மக்கள் ‘பாச்’ என்று ஒலிப்பர். மேலும், அந்நகரில் அழுத்தம் பெறாத அகரமும் எகரமும் மங்கிக் குறுகி ஒரே ஒலியாகிவிடும். ஆங்கிலத்திலும் இத்தகைய மங்கிய ஒலி உண்டாதலால், அம்மாணவனுக்கு இது கடினமன்று.

இனிச் சொற்களைக் காண்போம். இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலம் எண்ணற்ற சொற்களைக் கடன் பெற்றுள்ளது. ஆகவே காட்டலானில் ‘நசியோ’ என்றால் நேஷன் என்றும், ‘உனிபர்சிதாத்’ என்றால் யுனிவர்சிட்டி என்றும் எளிதில் உணரலாம். ஆனால் நண்பரைப் போலத் தோன்றி ஏமாற்றும் சொற்களும் உள. ‘எக்ஸித்’ என்பது வெளியேறும் வாயில் அன்று, வெற்றி. ‘லிப்ரரீஆ’ என்பது நூலகம் அன்று; புத்தகக் கடை. ‘குன்ஸ்திபாத்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதே பொருள். ஆங்கிலச் சொல்லை நினைந்து அவருக்குப் பேதி மருந்து கொடுப்போமாயின் அவர் பாடு என்னாவது?

அடுத்து வினைச்சொல். ‘பர்லு’ என்றால் பேசுகிறேன். ‘பர்லெம்’ என்றால் பேசுகிறோம். தமிழிற்போல வினையின் விகுதியே பேசுபவர் யார் என்பதைக் காட்டிவிடும். நான், நாம் என்னும் எழுவாயை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எழுவாயின்றி வாக்கியம் அமைக்கப் பழகாத ஆங்கில மாணவனுக்கு இது முதற் பயிற்சி.

யாவற்றினும் பெரிய இடறல் இறந்தகாலத்தில் உள்ளது. ‘பாச்’ என்னும் சொல்லுக்குத் தனியே நின்றால் ‘போகிறேன்’ என்று பொருள். ‘பர்லா’ என்பது பேசுதல். இரண்டையும் சேர்த்துப் ‘பாச் பர்லா’ என்றால் என்ன பொருள்? ஆங்கிலத்தில் ‘பேசப் போகிறேன்’ என்பது எதிர்காலம் காட்டும். ஆதலால் மாணவன் இதனையும் எதிர்காலம் என்றே கொள்வான். உண்மையில் இதன் பொருள் ‘பேசினேன்’ என்பதாகும்! செய்யப் போவதாக அவன் கருதியது செய்து முடிந்த செயலாகிவிடுகிறது. எதிர்காலத்திற்குப் ‘பர்லரே’ என்னும் வேறு வடிவம் உண்டு. இந்த ஒன்றைத் தெளிவாக உணர்ந்தவன் அம்மொழியின் வாயிற்படியைக் கடந்தவன் ஆவான்.

‘மக்ராதா’ என்னும் தொடரையும் நோக்குக. ஆங்கிலேயன் ‘நான் புத்தகத்தை விரும்புகிறேன்’ என்பான். காட்டலான் பேசுவோர், புத்தகத்தை எழுவாயாக வைத்து, ‘எனக்குப் புத்தகம் பிடிக்கிறது’ என்னும் அமைப்பிலேயே கூறுவர். புத்தகங்கள் பலவாயின் வினையும் பன்மையாகி ‘மக்ராதன்’ என்று வரும். ஆங்கில மாணவனுக்குப் புதுமையாகத் தோன்றும் இவ்வமைப்பு தமிழ் மாணவனுக்கு இயல்பானதே.

எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘உன்னிடம் எத்தனை ஆப்பிள் உள்ளன?’ என்று கேட்டால் ‘மூன்று வைத்திருக்கிறேன்’ என்பது ஆங்கில மரபு. காட்டலானில் ‘அன் திங் த்ரேஸ்’ என்று சொல்லவேண்டும். முன் நிற்கும் ‘அன்’ என்னும் சிறுசொல் ‘அவற்றில்’ என்னும் பொருளது. அதை விட்டுவிட்டால் வாக்கியம் குறையுடையதாகும்.

நேரம் சொல்லும் முறையோ இன்னும் விந்தை. பார்சலோனாப் பகுதியில் மூன்றரை மணியை ‘நான்கின் இரண்டு கால்’ என்று குறிப்பர். மூன்று மணி கழிந்தவுடன் நான்காம் மணி தொடங்கிவிடுகிறது. அதில் இரண்டு காற்பங்கு சென்றன என்பது கணக்கு. நான்கு என்னும் எண்ணையும் அரை என்னும் கருத்தையும் மட்டும் பற்றிக்கொண்டு நாலரைக்கு இரயில் நிலையம் சென்றவன், ஒரு மணி நேரத்திற்கு முன்பே வண்டி போய்விட்டதை அறிவான்.

மரியாதைச் சொற்களும் கருதத்தக்கவை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ‘யூ’ ஒன்றே. காட்டலானிலோ நெருங்கியவர்க்கு ‘தூ’. அறிமுகமற்ற பெரியோர்க்குப் ‘புஸ்தே’. பழைய மரபில் மதிப்பும் அன்பும் கலந்த ‘போஸ்’ என மூன்று உண்டு. யாரிடம் எதனைச் சொல்வது என்பதை இலக்கணம் மட்டும் கற்றுத்தராது. மக்களோடு பழகியே அறியவேண்டும்.

இத்துணை நுட்பங்களையும் ஏன் கற்கவேண்டும், அங்குள்ளோர் ஸ்பானியமும் அறிவாரே என்று நீங்கள் வினவலாம். அதற்கு விடை அம்மொழியின் வரலாற்றில் இருக்கிறது. 1714-இல் பார்சலோனா வீழ்ந்தது. 1716-ஆம் ஆண்டின் அரசாணை நீதிமன்றங்களில் ஸ்பானியத்தைப் புகுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுமலர்ச்சி பெற்ற மொழிக்கு, பொறியியல் கற்று வேதியியல் கற்பித்த பொம்பேயு ஃபாப்ரா ஒழுங்கு வகுத்தார். எழுத்து விதிகள் 1913-இலும், இலக்கணம் 1918-இலும், அகராதி 1932-இலும் வெளிவந்தன. 1939-இல் பிராங்கோவின் ஆட்சி காட்டலோனியாவில் நிலைபெற்றபோது பள்ளிகளிலிருந்தும் அரசு அலுவல்களிலிருந்தும் காட்டலான் விலக்கப்பட்டது. ஃபாப்ரா பிரான்சுக்குச் சென்று, 1948-இல் அங்கேயே மறைந்தார். மொழி விலக்கப்பட்டிருந்த அக்காலத்தில், இங்கிலாந்தில் குடியேறிய பார்சலோனாப் புத்தக வணிகர் ஜோன் ஜிலி, 1943-இல், ஆங்கிலம் அறிந்தோர்க்கென ஒரு காட்டலான் இலக்கண நூலை வெளியிட்டார். சொந்த ஊர்ப் பள்ளியில் இடம்பெறாத இலக்கணம் அயல்நாட்டு மாணவன் கையில் உயிர்வாழ்ந்தது. 1975-இல் பிராங்கோ இறந்த பின்னரே நிலைமை மாறியது. 1979-இல் தன்னாட்சிச் சட்டமும், 1983-இல் மொழிச் சட்டமும் காட்டலோனியாவில் அதற்கு மீண்டும் இடமளித்தன.

இன்றும் அயலார் ஒருவர் தட்டுத் தடுமாறிக் காட்டலானில் பேசினால், அவருக்கு உதவுவதாக எண்ணி உடனே ஸ்பானியத்திற்கு மாறிவிடுவோர் அங்குப் பலர். உபசாரமாகத் தோன்றும் இவ்வழக்கமே கற்போர்க்குப் பெருந்தடை. பேச வாய்ப்பின்றி எம்மொழியும் நாவில் படிவதில்லை. ஆகவே கற்பவன் பணிவோடு, ஆனால் உறுதியோடு, காட்டலானிலேயே தொடர்ந்து பேசவேண்டும்.

மாணவர்களே! ஒரு மொழியை மற்றொரு மொழியின் அளவுகோலால் அளக்கப் புகுவதே கற்போர் செய்யும் முதற் பிழை. ஒற்றுமை கண்ட இடத்தில் மகிழ்க. வேற்றுமை கண்ட இடத்தில் நின்று காரணம் கேட்க. ‘இப்படியும் சொல்லலாமா?’ என்று வியக்கும் உள்ளமே மொழி கற்கும் உள்ளம். காட்டலானை ஆயினும், வேறெந்த மொழியை ஆயினும், அவ்வுள்ளத்தோடு அணுகுவீராக.