கோலாலம்பூரின் ‘முதல் மேயர்’ யார்?

பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ முறை பூ வாங்கியிருப்பீர்கள், சாப்பிட்டிருப்பீர்கள். அந்த இடத்துக்கு ஏன் அப்படியொரு பெயர்? செங்கல் அறுத்த இடம் என்பதால்தான். அங்கே சூளை போட்டவர் யாப் ஆ லோய்.

யார் அவர்? 1837-இல் தென்சீனாவில் பிறந்த ஹக்கா சீனர். பதினேழு வயது வாக்கில் மலாயாவுக்கு வந்து, லுக்குட்டில் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டார். 1862-இல் கோலாலம்பூர் வந்தவர், சில ஆண்டுகளிலேயே இந்த ஊரின் மூன்றாவது கப்பித்தான் (மலாய் ஆட்சியாளர் ஏற்றுக்கொண்ட சீனர் தலைவர்) ஆனார்.

தலைப்பில் மேயர் என்றோமே, கப்பித்தானும் மேயரும் ஒன்றா? இல்லை. மேயருக்கு இல்லாத அதிகாரமும் கப்பித்தானுக்கு இருந்தது. வரி வசூல், வழக்குத் தீர்ப்பு, சிறை, காவல் எல்லாம் அவர் கையில்தான். சூதாட்டத்திலிருந்தும் அவருக்கு வருமானம் வந்தது.

அப்படியானால் யாப்பை ஏன் போற்றுகிறார்கள்? சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் 1872-இல் ஊர் எரிந்தது. மறு ஆண்டு ஊரை மீட்டு, கடன் வாங்கி மீண்டும் கட்டினார். கடன் கழுத்தை நெரித்தபோது, 1879-இல் ஈய விலை ஏறி அவரைக் காப்பாற்றியது. 1881-இல் முதலில் தீ, பிறகு வெள்ளம். பலகையும் அத்தாப்பும் இனி உதவாது, செங்கல்லும் ஓடும்தான் வேண்டும் என்றார் பிரிட்டிஷ் ரெசிடென்ட் (ஆலோசகர்) சுவெட்டன்ஹாம். சூளைகள் அதற்காகவே வந்தன. பின்னாளில் ரயில்வே அங்கே வேரூன்ற, நம்மவர்களும் குடியேறினார்கள்.

1885-இல் யாப் மறைந்தார். 1890-இல் ஊரை நிர்வகிக்கச் சுகாதார வாரியம் வந்தது. மேயர் பதவி வர 1972 ஆனது. கோலாலம்பூர் மாநகராக உயர்ந்த அந்த ஆண்டில் லோக்மான் யூசோப் முதல் டத்தோ பண்டார் (மேயர்) ஆனார்.

மேயரை நாம் தேர்ந்தெடுக்க முடியுமா? முடியாது. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. 1976-இல் வந்த சட்டம் நியமன முறையையே நிலைக்க வைத்தது. கப்பித்தான் காலத்தைப் போலவே இன்றும் மேயர் மேலிருந்துதான் வருகிறார்.

சரி, வீட்டெதிரே கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது? பிரிக்பீல்ட்ஸ்காரர் என்றால் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்). கிள்ளான்வாசிக்குக் கிள்ளான் அரச மாநகர் மன்றம். பெட்டாலிங் ஜெயாவுக்குத் தனி மன்றம். தெரு எந்த எல்லையில் இருக்கிறது என்று தெரியவில்லையா? உங்கள் மதிப்பீட்டு வரி பில்லைப் பாருங்கள். அதை அனுப்பிய மன்றம்தான் உங்களுக்குப் பொறுப்பு.

அங்கும் வேலை நடக்காவிட்டால்? கிள்ளானில் சட்டமன்ற உறுப்பினரையும் பார்க்கலாம். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அங்கே சட்டமன்றமே கிடையாது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் (எம்பி) ஒருவர்தான். ஆகவே தலைநகர்வாசிகளே, மேயருக்கு உங்கள் ஓட்டு தேவையில்லை. உங்கள் எம்பிக்குத் தேவை. புகாரின் நகல் ஒன்றை அவருக்கும் அனுப்பிவையுங்கள்.