ஒரு கட்டில் ஏழு முழம்

புதிய வரிசை 10 ரூபாய்த் தாளின் நீளம் 123 மி.மீ., அகலம் 63 மி.மீ. ஒரு கட்டில் 100 தாள். மதிப்பு 1,000 ரூபாய். மணமக்களுக்கு 1,001 ரூபாய் மொய் எழுத நினைப்பவர், அதை உறையில் போடாமல் வீட்டிலேயே இரண்டு பண மாலையாகக் கட்டித் தர விரும்பினால், கணக்கு அந்த 63 மி.மீட்டரில் தொடங்குகிறது. குறுகிய விளிம்பை ரிப்பனில் பொருத்தித் தாளைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் முந்தையதைப் பாதி மறைக்கும்படி அடுக்கினால், ஒரு தாளுக்குத் தேவைப்படும் இடம் 31.5 மி.மீ. 50 தாளுக்கு 1,575 மி.மீ. முழத்துக்கு 450 மி.மீ. என்று வைத்தால் மூன்றரை முழம். மாப்பிள்ளைக்கு மூன்றரை, பெண்ணுக்கு மூன்றரை. ஒரு கட்டில் ஏழு முழம்.

அதே மாலையை 500 ரூபாய்த் தாளில் கட்டினால் என்ன கூடும்? தாளின் அகலம் 66 மி.மீ.; பாதி மறைத்து அடுக்கினால் 33 மி.மீ.; 50 தாளுக்கு 1,650 மி.மீ. நீளம் 4.8 சதவீதம் கூடுகிறது. இரண்டு மாலைகளின் மதிப்போ 1,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்க்கு, அதாவது 50 மடங்கு ஏறுகிறது. கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்குச் சாம்பல் நிறமா, பழுப்பு நிறமா என்பதுதான் வித்தியாசம்.

நீளமும் நிலையானது அல்ல. பழைய 100 ரூபாய்த் தாள் 157 × 73 மி.மீ.; 2018இல் வந்த ஊதா நிறத் தாள் 142 × 66 மி.மீ. பரப்பளவு 11,461 சதுர மி.மீட்டரிலிருந்து 9,372 ஆகச் சுருங்கியது, குறைவு 18.2 சதவீதம். 50 தாள் மாலை 1,825 மி.மீட்டரிலிருந்து 1,650 ஆனது. 10 ரூபாய்த் தாளும் அதே ஆண்டில் 137 மி.மீட்டரிலிருந்து 123 ஆகக் குறைந்தது; ஆனால் அதன் அகலம் 63 மி.மீ. அப்படியே இருந்ததால் மாலையின் நீளத்தில் மாற்றமில்லை.

சேதம்தான் பெரிய செலவு. பசையில் ஒட்டிய தாளை மணமக்கள் உரிக்கும்போது கிழிகிறது. 2009ஆம் ஆண்டின் நோட்டுத் திருப்பித் தரும் விதிகள், 2018 திருத்தத்துடன், இதற்கு இரண்டு அளவுகோல் வைத்திருக்கின்றன. 20 ரூபாய் வரையிலான தாளில் பாதிக்கு மேல் கையிலிருந்தால் முழு மதிப்பு கிடைக்கும். 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், ஒரே துண்டாக 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழு மதிப்பு. 40 முதல் 80 சதவீதம் வரை பாதி. அதற்கும் கீழே ஒன்றுமில்லை. 500 ரூபாய்த் தாளின் பரப்பு 9,900 சதுர மி.மீ. அதில் ஒரு ஓரமாக 30 மி.மீ. கிழிந்து போனால் மீதி 7,920. சரியாக 80 சதவீதம். ஆகவே 250 ரூபாய் நட்டம். 10 ரூபாய்த் தாளில் அதே 30 மி.மீ. போனால் மீதி 75.6 சதவீதம், நட்டம் சுழியம். ஒரே ஒரு 500 ரூபாய்த் தாளின் கிழிசல், 10 ரூபாய் மாலை ஒன்றில் பாதியை விழுங்கிவிடுகிறது.

இதுவரை 10 ரூபாய்த் தாள்தான் வெல்கிறது. அச்சுக்கூலியைச் சேர்த்தால் நிலைமை மாறும். ரிசர்வ் வங்கியின் துணை அச்சு நிறுவனம் 2021-22இல் 1,000 தாளுக்கு வாங்கிய விலை: 10 ரூபாய்க்கு 960 ரூபாய், 20க்கு 950, 50க்கு 1,130, 100க்கு 1,770, 500க்கு 2,290. 100 பத்து ரூபாய்த் தாளின் அச்சுச் செலவு 96 ரூபாய்; மதிப்பில் 9.6 சதவீதம். அதே 1,000 ரூபாயை இரண்டு 500 ரூபாய்த் தாளாக அச்சிட 4 ரூபாய் 58 காசு, 0.46 சதவீதம். இடைவெளி 21 மடங்கு. கொடுப்பவருக்குக் குறைந்த ஆபத்தாகத் தெரியும் மாலை, பாழானால் பொதுக் கணக்கில் கூடுதலாக விழுகிறது. நோட்டு அச்சிடும் மொத்தச் செலவு 2023-24இல் 5,101.4 கோடி ரூபாய், 2024-25இல் 6,372.8 கோடி ரூபாய், ஓராண்டில் 24.9 சதவீத உயர்வு. கல்யாண மாலைகளுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று எந்தக் கணக்கிலிருந்தும் பிரித்தெடுக்க முடியாது, சிறியதாகவே இருக்கும். ஆனாலும் மாலை கட்டவும் பந்தலை அலங்கரிக்கவும் நோட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் பின் அடிப்பதை நிறுத்துமாறு வங்கிகளுக்கு 2001லேயே உத்தரவும் போட்டது. கட்டத்தான் வேண்டும் என்றால் பசையும் பின்னும் கூடாது. நூலும் கண்ணாடி உறையும் போதும்.

இங்கே 20 ரூபாய்த் தாளைக் கவனிக்க வேண்டும். அதன் அளவு 129 × 63 மி.மீ.; 10 ரூபாயின் அதே அகலம். மறைக்காமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து 25 தாள் தொங்கவிட்டால் 1,575 மி.மீ.; மீண்டும் மூன்றரை முழம். இரண்டு மாலைக்கு 50 தாள், 1,000 ரூபாய். அச்சுச் செலவு 47 ரூபாய் 50 காசு, 4.75 சதவீதம், அதாவது பாதிக்கும் குறைவு. கிழிந்தால் பொருந்துவது அதே பாதி விதி. பசுமை கலந்த மஞ்சள் நிறம் என்பதால் தாலி கட்டும் மேடையில் பழுப்பைவிட எடுப்பாகவும் இருக்கும். இழப்பு ஒன்றுதான்: அடர்த்தி பாதியாகிறது. 50 ரூபாய்க்கு ஏறினால் மாலைக்கு 10 தாள், 660 மி.மீ.; ஒன்றரை முழத்தைவிடக் கொஞ்சம் குறைவு, தலையில் நுழைந்தால் பெரிது. 80 சதவீத விதியும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு தாளைக் கட்ட 40 விநாடி என்று வைத்தால் 100 தாளுக்கு 1 மணி 6 நிமிடம் 40 விநாடி. 50 தாளுக்கு 33 நிமிடம் 20 விநாடி. பிரிக்கும் வேலை மணமக்களுக்கு என்பதால், அவர்கள் நேரமும் பாதியாகிறது. ரிப்பன் மாலைக்கு 1,575 மி.மீட்டருடன் முடிச்சுக்கு இருபுறமும் 200 மி.மீ.; இரண்டுக்கும் சேர்த்து 4 மீட்டர். ரிப்பன், நூல், உறை, குஞ்சம் எல்லாம் 150 ரூபாய் ஆனால் 1,000 ரூபாய் மொய்யில் அது 15 சதவீதம். 50,000 ரூபாயில் 0.3 சதவீதம். சலவை நோட்டுக் கட்டுக்கு வெளியே யாராவது 100 ரூபாய் கூடுதல் கேட்டால் இன்னொரு 10 சதவீதம். வங்கிக் கவுன்ட்டரில் கட்டணம் இல்லை. கையிருப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிழியாத வழி நாணயம். 10 ரூபாய் நாணயம் 7.74 கிராம், விட்டம் 27 மி.மீ. நூறு நாணயம் 774 கிராம். கழுத்தில் போட முடியாது, சின்ன வெண்கலச் செம்பில் போட்டுத் தரலாம். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் கடைக்காரர்கள் இதை வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியிருந்தது.

பெரிய தொகை கட்டுவோருக்கு ஒரு எல்லை உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல், ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம். 500 ரூபாய்த் தாளில் அது 400 தாள், எட்டு மாலை. கல்யாணப் பரிசுக்கு மணமக்களுக்கு வருமான வரி விலக்கு இருப்பது தனி விஷயம்.

பாக்கி 1 ரூபாய். 2015 மார்ச்சில் மீண்டும் வெளிவந்த 1 ரூபாய்த் தாளை ரிசர்வ் வங்கி அல்ல, மத்திய அரசே வெளியிடுகிறது. அளவு 97 × 63 மி.மீ.; அகலம் 20 ரூபாய்த் தாளோடு அச்சாகப் பொருந்துகிறது, மாலையின் நடுவில் பதக்கமாக வைக்கலாம். ஆனால் மாலை இரண்டு. ஆளுக்கொன்று வைத்தால் மொய் நோட்டில் 1,002 என்று எழுத வேண்டிவரும்.