கேட்டது எப்போது கண்டதாகிறது?

2016 மே 17. பல நாள் அடைமழைக்குப் பிறகு கேகாலை மாவட்டத்தில் அன்று இரண்டு இடங்களில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சாமசர மலை கிராமங்களை மூடியது. புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயக் குடும்பங்கள் மண்ணுக்குள் புதைந்தன.

அப்போது இரண்டு வயதாயிருந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை, "மண் வந்தத நான் பார்த்தேன்" என்று இன்று சொல்லக்கூடும். அந்தப் பிள்ளை மனமறிந்து பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இஸ்தோப்பில் பெரியவர்கள் வருடக்கணக்காகப் பேசியதும், போனில் திரும்பத் திரும்ப ஓடிய படங்களும் சேர்ந்து பிள்ளையின் மனதில் ஒரு காட்சியாகிவிடுகின்றன. நடந்தது உண்மை, இழப்பு உண்மை. அதைக் கண்ணால் கண்டோம் என்ற நினைவு மட்டும் பிறகு வளர்ந்தது.

வளர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. 1992 ஒக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு சரக்கு விமானம் மாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. அது மோதிய கணத்தை எந்தக் கமராவும் பிடிக்கவில்லை. பத்து மாதங்கள் கழித்து உளவியலாளர் ஹான்ஸ் குரோம்பாக் குழுவினர், "விமானம் மோதிய கணத்தின் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். 55 வீதமானோர் பார்த்ததாகச் சொன்னார்கள். படித்தவர்கள், பெரியவர்கள், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்ன பதில் அது.

நடந்ததை மூளை அப்படியே பதிந்து வைப்பதில்லை. நினைக்கும் ஒவ்வொரு முறையும் துண்டுகளை எடுத்துப் புதிதாகக் கோர்க்கிறது. செய்தி நிலைத்துவிடும், யார் சொன்னது, எங்கே கேட்டது என்பது சீக்கிரம் அழிந்துவிடும். குழந்தைகளின் சிந்தனையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ழான் பியாஜேக்கே இது நேர்ந்தது. தள்ளுவண்டியில் இருந்த தன்னைக் கடத்த வந்தவனையும், அவனோடு போராடிய ஆயாவின் முகத்துக் கீறல்களையும் அவர் தெளிவாக நினைவு வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அது தான் கட்டிய கதை என்று அந்த ஆயாவே கடிதம் எழுதி, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினார். வீட்டார் அந்தக் கதையை நம்பிப் பேசிப் பேசியே குழந்தைக்குக் கண் கண்ட காட்சியாக்கியிருந்தார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் சீசி இதையே சோதித்துப் பார்த்தார். பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம், "எலிப்பொறியில் விரல் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாயா? நன்றாக யோசித்துப் பார்" என்று வாரத்துக்கு ஒரு தடவை, பத்து வாரங்கள் கேட்டார்கள். முதலில் "இல்லை" என்ற ஒரு சிறுவன் கடைசியில், அண்ணன் பொம்மையைப் பறிக்க வந்தது, தன்னை விறகுக் குவியலில் தள்ளியது, பொறி அங்கே கிடந்தது, வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனது என்று முழுக் கதையையும் சொன்னான். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நடக்காத ஏதோவொன்றையாவது நடந்ததாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பேசிய ஒளிப்பதிவைப் பார்த்த நிபுணர்களுக்கும் எது மெய், எது பொய் என்று பிரித்தறிய முடியவில்லை.

இலங்கையில் வேறொரு வகைக் குழந்தை நினைவு நெடுங்காலம் ஆராயப்பட்டிருக்கிறது. பேசத் தொடங்கியதுமே முற்பிறவி பற்றிச் சொல்லும் பிள்ளைகள், பெரும்பாலும் சிங்களக் குடும்பங்களில், பலர் இருந்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1977இல் இலங்கையின் பத்துச் சம்பவங்களைத் தனி நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் 1988 முதல் இங்கே வந்து ஆராய்ந்தவர் ஐஸ்லாந்தின் எர்லெண்டூர் ஹரால்ட்சன். தன் நாட்டவரான கிஸ்லி குட்ஜோன்சன் வகுத்த சோதனையை அவர் பயன்படுத்தினார். ஒரு கதையைச் சொல்லி, அதைப் பற்றி இருபது கேள்விகள் கேட்பார்கள்; அவற்றில் பதினைந்து, கதையில் இல்லாததை இருப்பதுபோல் நம்பவைக்கும் கேள்விகள். பிறகு "சில பதில்கள் பிழை" என்று சொல்லி மறுபடி கேட்பார்கள். முற்பிறவி பேசிய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வளையவில்லை. சொல்வளத்திலும் படிப்பிலும் முன்னேதான் நின்றார்கள்.

மறுபிறவியை நம்பாதவர்களும் இந்த முடிவை மதிக்க வேண்டும். ஆனால் ஒருநாள் சோதனை வேறு, மாதக்கணக்காக வீட்டில் ஊறும் பேச்சு வேறு. ஆராய்ச்சியாளர் வரும்போது பெரும்பாலும் பிள்ளையின் குடும்பமும் அது சொல்லும் முற்பிறவிக் குடும்பமும் சந்தித்திருக்கும். குழந்தை முன்பே சொன்னது எது, சந்தித்த பிறகு தெரிந்தது எது என்பது பெற்றோர் நினைவிலேயே கலந்திருக்கும். அதனால்தான் ஸ்டீவன்சனும் கண்டியைச் சேர்ந்த கொட்வின் சமரரத்னவும், சரிபார்ப்பதற்கு முன்பே எழுதிவைத்த குறிப்புகள் உள்ள மூன்று சம்பவங்களை 1988இல் தனியாக வெளியிட்டார்கள். அத்தகைய குறிப்பு உள்ள சம்பவங்கள் மிகச் சில.

குழந்தைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று வீட்டார் பதறும் வேளையில், நினைவு இப்படியும் உருவாகும் என்ற அறிவு மிகவும் தேவைப்படும். "மாமா அடிச்சாரா?" என்ற கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் பிழை போலும் என்று பிள்ளை மாற்றிச் சொல்லக்கூடும். பெரியவர் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று வளர்ந்த பிள்ளை இன்னும் சீக்கிரம் மாற்றக்கூடும். "என்ன நடந்துச்சு, சொல்லும்மா" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால், சிறு பிள்ளைகளும் நடந்ததை நன்றாகவே சொல்வார்கள். பிள்ளை பேச்சை நம்பக்கூடாது என்பதற்கு இந்த ஆய்வுகளைச் சாட்சியாக்குவது பெரும் அநியாயம். பிழை பெரும்பாலும் கேட்பவரிடம் தொடங்குகிறது.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழில் பேசும் பிள்ளையின் வாக்குமூலம் பொலிஸ் நிலையத்தில் பல வேளைகளில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. "எங்கே நின்றாய்?" என்ற கேள்வி, மொழி மாறும்போது "கதவருகில்தானே நின்றாய்?" என்று ஆகிவிடலாம். சிறுவர் சாட்சியத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. பிள்ளை தன் மொழியில் முதன்முதல் சொன்னதை, கேட்ட கேள்வியோடு அப்படியே காப்பது அந்த ஒளிப்பதிவுதான். அதுவரை வீட்டார் செய்யக்கூடியது, பிள்ளை சொன்ன சொற்களை மாற்றாமல் திகதியிட்டு எழுதிவைத்து, மறுபடி மறுபடி துருவாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைப்பது.